இன்னும் ஒரு ஆளு ஏறலாம்

இன்று காலை கம்பம்மெட்டு சாலை பிரிகிற இடத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஏலத்தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போகிற ஜீப் ஒன்று என் முன்னால் வந்து நின்றது. அதன் பின்பக்கத்தில், ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில், நீ வரைந்த 'ஏப்பம்' ஜீப்பின் படம் ஒட்டியிருந்தது. அதே உப்பிய வயிறு, கண்ணாக முழிக்கிற அதே ஹெட்லைட்டுகள், பானட்டைத் திறந்துகொண்டு ஏப்பம் விடுகிற அதே வாய். யாரோ உன் புத்தகத்து அட்டையைப் போட்டோ எடுத்து, பெரிதாக்கி, ஸ்டிக்கராக வெட்டியிருக்கிறார்கள். நம் கடையில் வெட்டியது இல்லை. ஓரம் பிசிறடித்திருந்தது. நானாக இருந்தால் அந்த வாயைச் சுற்றி இன்னும் கொஞ்சம் வெள்ளை விட்டிருப்பேன்.

டிரைவர் டீ குடிக்க இறங்கினார். "இது யாரு போட்ட படம்ணே?" என்று கேட்டேன்.

"அது தெரியலம்மா. செல்லுல வந்துச்சு. நம்ம வண்டிக்குப் பொருத்தமா இருக்கேன்னு ஒட்டிட்டேன். பொம்பளையாளுக பாத்துச் சிரிச்சுக்கிட்டே ஏறுறாக."

உள்ளே எட்டிப் பார்த்து எண்ணினேன். பத்துப் பேர். ஜீப்பைக் கண்டால் எண்ணுவது எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது. அதற்குள் என் பஸ் வந்துவிட்டது. அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலேயே ஏறிவிட்டேன். அதை நாள் முழுக்க மனதுக்குள் உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பேச்சாகச் சொன்னால் முன்பின்னாகப் போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

நீ கடைக்கு வந்த புதிதில் எனக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் நமக்கு அடுத்தடுத்து இரண்டு கம்ப்யூட்டர். காதணி விழா, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர்களின் பிறந்தநாள் என்று நாள் முழுக்க முகங்களை வெட்டி ஒட்டுவது நம் வேலை. நான் எழுத்துக் கோப்பேன், நீ படங்களைச் சரிசெய்வாய். மதியம் சோற்றைத் திறந்தால் போதும், நீ செல்லை எடுத்துவைத்துக்கொண்டு ஜப்பான்காரர்களின் மங்கா படக்கதை படித்துத் தனியாகச் சிரிப்பாய். ஒருமுறை புரையேறி உன் ரசம் என் கீபோர்டில் தெறித்தது.

எட்டிப் பார்த்தேன். மூக்கு ஒழுகுகிற ஒரு சமையல்காரன், அண்டா அண்டாவாக நூடுல்ஸ் கிளறி, அது பொங்கித் தெருவெல்லாம் ஓடி, ஊர்க்காரர்கள் அதில் படகு விட்டுக்கொண்டிருந்தார்கள். பன்றி ஒன்று மிதந்து போனது. சமையல்காரனுக்கு அடிக்கடி வாயு வேறு பிரிந்தது.

"ஏ புள்ள, டிகிரி முடிச்சிருக்க. இந்தக் கூத்தையா படிக்கிற?"

நீ கோபப்படவில்லை. "பதினாலாவது பாகம் வரைக்கும் படி. அப்பறம் பேசு" என்று செல்லை என் பக்கம் தள்ளினாய். வலதிலிருந்து இடதாகப் படிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தாய்.

வேலை இல்லாத நேரங்களில் படித்தேன். இங்கிலீஷ் புரியாத இடத்தில் நீ சொன்னாய். எத்தனை முறை திட்டு வாங்கினாலும் அந்தச் சமையல்காரன் அளவு தெரியாமல் சமைத்துக்கொண்டே இருந்தான். எனக்கும் சிரிப்பு வர ஆரம்பித்தது. பதினான்காவது பாகத்தில், கடை சாத்திய பிறகு, அவன் நீளமான ஒரு மேசையில் கிண்ணங்களை வரிசையாக அடுக்குகிறான். ஒவ்வொன்றிலும் பரிமாறுகிறான். எதிரில் யாரும் இல்லை. சுவரில் பட்டாளத்து உடையில் இளைஞர்கள் கூட்டமாக நிற்கிற ஒரு போட்டோ. ஓரத்தில் கரண்டியோடு அவன். அவன் ஒருத்தன் மட்டும்தான் சண்டையிலிருந்து திரும்பி வந்திருக்கிறான். இன்னும் பழைய கணக்கிலேயே உலை வைக்கிறான். அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

நான் செல்லைக் கவிழ்த்துவைத்துவிட்டு, ஒரு மணப்பெண்ணின் பெயரில் எழுத்துப்பிழை தேடுகிறவள்போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணி பாட்டிலை மட்டும் என் பக்கம் நகர்த்திவைத்தாய்.

"அந்த ஒரு பக்கத்துக்குத்தாண்டி இவ்வளவு நூடுல்ஸும்" என்றாய்.

அதற்குப் பிறகுதான் நாம் கூட்டாளிகள் ஆனோம். சின்ன வயதில் டிவியில் தமிழில் பேசிய ஜப்பான் கார்ட்டூன்களிலிருந்து உனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததைச் சொன்னாய், வீணாய்ப்போன ஃப்ளெக்ஸ் துண்டுகளின் பின்பக்கத்தில் நீ வரைந்து வைத்திருப்பதை ஒவ்வொன்றாகக் காட்டினாய். உன் அம்மாவைப் பற்றி மட்டும் சொல்ல ஒரு வருடம் ஆயிற்று. மெஷினுக்கு மை வாங்கத் தேனிக்கு நாம் இருவரும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். சின்னமனூர் தாண்டியதும், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

உன் அம்மா ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். விடியுமுன் ஜீப் வரும். உள்ளே இடம் கிடைக்காது. எப்போதும் பின்படியில்தான் உட்காருவார். நீ பன்னிரண்டாவது படிக்கும்போது, மெட்டு மலைச்சாலையில் ஒரு வளைவில் வண்டி சாய்ந்தது. மற்றவர்களுக்குக் கை கால் முறிவு. உன் அம்மா மட்டும் திரும்பவில்லை.

"இருவத்தோரு பேரு இருந்தாகளாம். எல்லாம் முடிஞ்ச பெறகு எண்ணுனாக" என்றாய்.

என் வீட்டுக்காரரும் அதே சாலையில் அதே மாதிரி ஜீப்தான் ஓட்டுகிறார் என்பது உனக்குத் தெரியும். தினமும் பதினெட்டு, பத்தொன்பது பேரை ஏற்றிக்கொண்டுதான் அவரும் போவார். என் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த ஜீப்பால்தான். வீரபாண்டி வரும்வரை டிக்கெட்டை மடித்துக்கொண்டே வந்தேன். அப்புறம் நீயே என் கையைத் தட்டி, "அண்ணனச் சொல்லலடி. அவரு ஏத்தலேன்னா வேற ஆளு ஏத்துவாரு. அதான் சங்கதியே" என்றாய்.

ஒரு மாதம் கழித்து முதல் அத்தியாயத்தை என் மேசையில் வைத்தாய். தலைப்பு: இன்னும் ஒரு ஆளு ஏறலாம்.

ஏப்பம் என்று ஒரு ஜீப். அதற்கு எப்போதும் பசி. பத்துப் பேர் உட்காரும் வண்டியில் இருபது பேர் ஏறியதும் டிரைவர் பின்னால் திரும்பி, "இன்னும் ஒரு ஆளு ஏறலாம்" என்பார். ஒரு கல்யாணக் கோஷ்டி ஏறும். மேளக்காரர் ஏறுவார். தவில் ஏறும். ஆடு ஏறும். எத்தனை பேர் என்று எண்ண வந்த அதிகாரியும் உள்ளே இழுக்கப்பட்டு, தன்னையும் சேர்த்து எண்ணிக்கொண்டு, கணக்கு உதைக்கிறதே என்று தலையைச் சொறிவார். இடம் போதாமல் டிரைவர் பெண்களைச் சேலைபோல நான்காக மடித்து அடுக்குவார். தோட்டத்தில் அவர்களை உதறி, பிரித்து, இஸ்திரி போட்டு இறக்குவார்கள். ஒரு அக்காவை அவசரத்தில் தப்பாக மடித்துவிட, அவர் முதுகுப் பக்கம் முகத்தோடு நாளெல்லாம் காய் எடுப்பார். இரண்டு பக்கமும் கை போவதால் அன்றைக்கு அவர்தான் அதிகம் எடுப்பார். மலையாளத்து சூப்பர்வைசர் சந்தோஷமாகி, நாளையிலிருந்து எல்லாரையும் இப்படியே மடித்துக் கொண்டுவா என்று உத்தரவு போடுவார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் எனக்கு உன்மேல் கோபம் வந்தது. "ஒங்கம்மா போன கதைய இப்பிடிச் சிரிப்பாவா எழுதப்போற?" என்று கேட்டேன்.

"அழுது சொன்னா ஒரு நாளு கேப்பாக. சிரிக்க வச்சா திருப்பிப் படிப்பாக" என்றாய். "நீ எழுத்தக் கோத்துக் குடு."

கோத்துக் கொடுத்தேன். ஆனால் என் பெயரைப் போட வேண்டாம் என்று சொன்னேன். வீட்டில் பிரச்சினை வரும். நீ ஒன்றும் கேட்கவில்லை. கடைசிப் பக்கத்தில் உன் பெயருக்குக் கீழே, 'எழுத்து: ஒருத்தி' என்று போட்டாய். நிம்மதியாகத்தான் இருந்தது. கூடவே கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

ஐந்தாவது அத்தியாயம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு கட்டத்தில் நான் வைத்த வசனப் பலூனை நகர்த்தச் சொன்னாய்.

"அந்தப் பலூன மேல தூக்கு. ஆளு மறையுது."

"எந்த ஆளு?"

நீ விரலை வைத்துக் காட்டினாய். ஜீப்பின் பின்படியில், முக்காடு போட்டு, மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு ஒரு பெண். முகம் வரையவில்லை. நான் முதல் அத்தியாயத்தை எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் இருந்தார். தவில் ஏறும்போது அதன் பின்னால், அதிகாரி எண்ணும்போது அவருடைய கைக்குக் கீழே, எல்லாரையும் மடிக்கும்போது மடிக்கப்படாமல் ஓரத்தில். ஒரு கட்டத்தில்கூட அவர் பேசவில்லை. யாரும் அவரிடம் பேசவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் பத்துத் தடவை பெரிதாக்கிப் பார்த்து எழுத்து வைத்தவள் நான். எனக்கே தெரியவில்லை.

"இப்பத் தெரிஞ்சுருச்சுல்ல. யார்ட்டயும் சொல்லிராத" என்றாய்.

மதுரையில் ஒரு பதிப்பகத்துக்காரரிடம் நாம் போனதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. நல்ல மனிதர்தான், காபி வாங்கிக்கொடுத்தார். "உழைக்கிற பெண்களோட கஷ்டத்த இவ்வளவு கேலியா சொல்லலாமாம்மா? படிக்கிறவங்க சிரிச்சுட்டுப் போயிருவாங்களே" என்றார். நீ தலையை ஆட்டிவிட்டுப் பக்கங்களை வாங்கிப் பைக்குள் வைத்தாய். நான்தான் ஆண்டிபட்டி கணவாய் வரும்வரை புலம்பிக்கொண்டு வந்தேன். நீ வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாய்.

"சிரிக்கிறவங்கன்னா வெளங்காதவங்கன்னு நெனைக்கிறாரு. அவ்வளவுதான். வெளங்குனாத்தாண்டி சிரிப்பே வரும்."

நம் முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் பேப்பர் அடிக்கிற சின்ன மெஷினை விட்டுக்கொடுத்தார். ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனித்தனிச் சிறு புத்தகமாக அடித்து, நீயும் நானும் ஸ்டேப்ளர் போட்டோம். டீக்கடையிலும், ஜீப் நிற்கிற இடங்களிலும் வைத்தோம். முதல் வாரம் வடை மடிக்கப் போனது. இரண்டாவது வாரம், படிக்கத் தெரிந்த பெண்கள் ஜீப்பில் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுவதாகச் செய்தி வந்தது. மூன்றாவது வாரம் மாரியக்கா, தோட்டத்துக்குப் போகிற பெண்களில் கொஞ்சம் குரல் பெரிய ஆள், கடைக்கே வந்து, "அந்த முதுகுப் பக்கம் மூஞ்சி போன பொம்பளைக்கு என்னாச்சு? சரியா மடிச்சாகளா இல்லையா?" என்று கேட்டார். அன்றைக்கு உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த மதுரைக்காரரைக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்த வேண்டும்போல இருந்தது எனக்கு.

என் வீட்டுக்காரரே ஒருநாள் மூன்றாவது புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். "இங்க பாரு, நம்ம பொழப்ப அப்பிடியே போட்டுருக்காக" என்று டிரைவர் வசனத்தை உரக்க வாசித்தார். அவர் தினமும் சொல்கிற வசனம்தானே. தொனி பிசகவில்லை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். எழுத்துக் கோத்தது நான்தான் என்பதைச் சொல்லவில்லை.

கடைசி அத்தியாயம் வந்தது காய் எடுப்பு மும்முரமாக இருந்த நேரம். ஞாயிற்றுக்கிழமை மதியம், என் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு வாசித்தார். அன்றைக்கு ஏப்பம் ஊரையே விழுங்கிவிடுகிறது. பஸ் ஸ்டாண்டு, வாரச்சந்தை, போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் உள்ளே. சாயங்காலம் எல்லாரும் ஒவ்வொருவராக இறங்கி, மடிப்பை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். டிரைவர் திரும்பிப் பார்க்கிறார். பின்படியில் இன்னும் ஒருவர். "அக்கா, ஊரு வந்துருச்சு" என்கிறார். பக்கத்தைத் திருப்பினால் படி காலியாக இருக்கும். தூக்குவாளி மட்டும். மூடி திறக்கப்படாத தூக்குவாளி.

வாசித்த குரல் நின்றது. நான் திரும்பவில்லை. தாள் புரளும் சத்தம் கேட்டது. பரணில் கிடந்த பழைய புத்தகங்களை எடுத்து, முதலாவதிலிருந்து ஒவ்வொரு பக்கமாக விரலை ஓட்டித் தேடினார். ஒவ்வொரு பக்கத்திலும் விரல் ஒரு இடத்தில் நின்றது. வெகுநேரம் ஆயிற்று.

"இது அந்தத் தங்கச்சியோட அம்மாவா?"

"ஆமா."

"எழுத்து ஒருத்தின்னு போட்டுருக்கே. நீயா?"

"ஆமா."

திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து போய் வாசலில் நின்ற ஜீப்பைக் கழுவினார். காலையில்தான் கழுவியிருந்தார். பின்படியை மட்டும் துணி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் நடந்ததை நான் பார்க்கவில்லை. மாரியக்கா கடைக்கு வந்து நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னது. என் வீட்டுக்காரர் வண்டியில் பத்துப் பேர் ஏறி உட்கார்ந்ததும், ஆள் சேர்த்துவிடுகிற ஏஜென்ட் வழக்கம்போலக் கதவைப் பிடித்துக்கொண்டு, "நெருங்கி உக்காருங்க, இன்னும் ஒரு ஆளு ஏறலாம்" என்றார். முதலில் ஒருத்தி சிரித்தாள். அடுத்து இன்னொருத்தி. அப்புறம் வண்டியே குலுங்கச் சிரித்தது. கீழே நின்றவர்களும் சிரித்தார்கள். ஏஜென்ட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் மாரியக்கா இறங்கி நின்றார். "மடிச்சு வைக்கிறதுக்கு நாங்க என்ன சேலையா? இன்னொரு வண்டி வரச் சொல்லு. நிக்கிறவளுக அதுல வரட்டும்."

"கிண்டலா? நேரமாகுது. ஏய், நீ வண்டிய எடு" என்று ஏஜென்ட் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

அவர் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "பத்துப் பேரு உக்காந்தாச்சு. அந்த வண்டி வரட்டும், சேந்தே போறோம்" என்றார். அவ்வளவுதான் பேசினார். வேறு எதுவும் பேச அவருக்கு வராது.

இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றார்கள். மேலேயிருந்து சூப்பர்வைசர் போன் மேல் போன். ஆளு எவிடே, ஆளுக எங்கே என்று அவர் கத்துவது நிற்கிறவர்களுக்கே கேட்டதாம். பழுத்த காயை அப்படியே விட்டால் வெடித்துப்போகும். கடைசியில் இரண்டாவது ஜீப் வந்தது.

உலகம் திருந்திவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்த ஏஜென்ட் என் வீட்டுக்காரருக்கு அந்தப் பருவம் முழுக்க ஓட்டம் தரவில்லை. வேறு தோட்டம் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. இன்றும் கதவில் ஆள் தொங்குகிற ஜீப்புகளைப் பார்க்கிறேன். ஆனால் நம் நிறுத்தத்தில் ஆள் ஏற்றுகிற வண்டிகளில் அன்றிலிருந்து பத்துப் பேர்தான். அதில் இதுவரை மாற்றமில்லை.

மாரியக்கா சொல்லி முடித்ததும் நான் அழுதுவிட்டேன். நீ அழவில்லை. "மொதல்ல சிரிச்சாகளா, இல்ல மொதல்ல கேட்டாகளா?" என்று விசாரித்தாய்.

"சிரிச்சுட்டுத்தான் ஆத்தா கேட்டோம்."

"நல்லாச் சிரிச்சீகளா?"

"வயிறு வலிக்கச் சிரிச்சோம்."

நீ எழுந்து, முதலாளியிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்த உன் அப்பாவிடம் சொல்லப் போய்விட்டாய். நீ சைக்கிளை எடுத்த வேகத்தை நான் இப்போதும் பார்க்கிறேன்.

அடுத்த வருடம் உன் கால் வீங்கியது. உட்கார்ந்தே வேலை பார்ப்பதால்தான் என்றாய். அது கிட்னி என்று தெரிந்தபோது நாள் கடந்திருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை தேனிக்கு டயாலிசிஸுக்குப் போனோம். ஒருமுறை உன் அப்பா வருவார், ஒருமுறை நான். இடது கையில் ஊசி. "நல்லவேள, வரையிற கைய விட்டுட்டாக" என்று அட்டையை மடியில் வைத்து வரைய ஆரம்பித்தாய்.

அந்தக் கதையில் ரத்தம் கழுவுகிற மெஷின் ஒரு சலவைக்கார அத்தை. கழுவும்போது ஒவ்வொருத்தர் ரத்தத்திலும் இருக்கிற ரகசியத்தை ஊருக்கே கேட்கும்படி கத்தும். "இந்தா, இந்த ஆளு பொண்டாட்டிக்குத் தெரியாம வெத்தல போட்டுருக்காரு." "நர்சம்மா இங்கன வா, இந்தப் பிள்ள ரத்தத்துல பெரியகுளத்து மாம்பழம் ரெண்டு துண்டு கெடக்கு." அந்த மாம்பழம் நிஜம். சாப்பிடக் கூடாது என்று சொல்லியும் நீ தின்றாய். வாங்கித் தந்தது நான். படுக்கைகளில் கிடந்தவர்கள் உன் பக்கங்களை ஒருவருக்கொருவர் கைமாற்றிப் படித்தார்கள். சிரிக்காதீங்க, ஊசி நகருது என்று நர்ஸ் கத்துவார். கத்திவிட்டு அவரும் படிப்பார்.

சித்திரையில் நீ போனாய். உன் கண்ணீர் அஞ்சலிப் பேனரை நம் கடையில் நான்தான் செய்தேன். உறவினர்கள் ஆழ்ந்த வருத்தத்துடன் என்று போடச் சொன்னார்கள். போட்டேன். படம் மட்டும் நான் தேர்ந்தெடுத்தது. கையில் வடையோடு, வாயைத் திறந்து சிரிக்கிற படம்.

காரியம் முடிந்து சில நாளில் உன் அப்பா ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். "ஒன்ட்டக் குடுக்கச் சொன்னா ஆத்தா." சலவை அத்தையின் கடைசி அத்தியாயம். படங்கள் முழுதாக முடிந்திருந்தன. பலூன்கள் எல்லாம் காலி. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'வசனம் ஒன்னுது. நல்லா இருக்கணும்.'

எனக்கு உன்மேல் வந்த கோபம் உனக்குத் தெரியாது. நீ எழுதியதை நான் இத்தனை வருடம் கோத்தேன், அவ்வளவுதான். நானாக ஒரு வரி எழுதியதில்லை. தை பிறக்கும்வரை அந்தப் பையைத் திறக்கவில்லை. திறந்து எழுதியபோதும் எல்லாம் அஞ்சலிப் பேனர் மாதிரியே வந்தது. அழித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தேன்.

கடைசிப் பக்கத்தில் அத்தை ஒரு துணியை வைத்துத் தேய் தேயென்று தேய்க்கிறாள். வியர்த்து ஊற்றுகிறது. ஒரு கறை மட்டும் போகவில்லை. பக்கத்தில் நீ, உன்னைப்போலவே சிண்டு முடிந்த பெண், குனிந்து பார்க்கிறாய். அத்தைக்கு ஒரு பலூன், உனக்கு ஒரு பலூன், மறுபடி அத்தைக்கு ஒன்று.

ஒருநாள் மத்தியானம், சோற்றுப் பாத்திரத்தைக்கூட மூடாமல் உட்கார்ந்து எழுதினேன்.

"இது போகாது தாயி. பொறக்கும்போதே சாயம் ஏறியிருக்கு."

"அப்ப என்ன செய்யிறது அத்த?"

"விட்டுருவோம். யாராச்சும் கேட்டா டிசைன்னு சொல்லிக்க."

என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். மாம்பழத்திலேயே சிரிக்க ஆரம்பித்தவர், கடைசி வரிக்குச் சத்தமாகச் சிரித்தார். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பிள்ள இருந்திருந்தா ஒன்னயப் பாத்துச் சந்தோசப்பட்டுருக்கும்" என்றார்.

அச்சடித்து, போன வாரம் தேனிக்குக் கொண்டுபோனேன். உன் படுக்கையில் இப்போது போடிக்காரம்மா ஒருவர் இருக்கிறார். என்னை முன்பின் அறியாதவர். ஒரு கையால் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தார், தோள் குலுங்கியது. கடைசிப் பக்கத்தில் ரொம்ப நேரம் இருந்தார். சிரித்தார். அப்புறம் ஊசி குத்திய தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "யாரும்மா இத எழுதுனது?" என்று கேட்டார்.

நான் உன் பெயரைச் சொன்னேன். "படம் அவ போட்டது" என்றேன். அவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேச்சு நான் எழுதுனது" என்றேன்.